போர் வந்தால் நம் உரிமைகள் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டபோது வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய கேள்விகளில் பாதி ஏவுகணைகளைப் பற்றியவை. மீதிப் பாதி வேறு ரகம்: "எமர்ஜென்சி வந்துவிட்டதா?", "இனி யாரை வேண்டுமானாலும் பிடித்து உள்ளே போடலாமா?", "நாட்டுக்கு ஆபத்து என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் என்ன?" இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. 1962-லிருந்தே இந்தியா இவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அனுபவத்தை வைத்தே இங்கே பதில்கள்.

போர் தொடங்கிய உடனே அடிப்படை உரிமைகள் தாமாகவே போய்விடுமா?

போகாது. போர் வேறு, நெருக்கடி நிலைப் பிரகடனம் வேறு. அரசியலமைப்பின் 352-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்தால்தான் உரிமைகளை ஒட்டுமொத்தமாக முடக்க முடியும். வெளிநாட்டுத் தாக்குதலைக் காரணம் காட்டி இதுவரை இரண்டே முறைதான் பிரகடனம் வந்திருக்கிறது: சீனப் போரின்போது 1962 அக்டோபர் 26-ல், வங்கதேசப் போரின்போது 1971 டிசம்பர் 3-ல். நாம் எல்லோரும் 'எமர்ஜென்சி' என்று சொல்கிற 1975, உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தில் வந்த மூன்றாவது பிரகடனம்.

1999 கார்கில் போருக்குப் பிரகடனம் கிடையாது. 2025 மேயிலும் கிடையாது. 1965 பாகிஸ்தான் போருக்கும் புதிதாக ஒன்று வரவில்லை. தேவையே இருக்கவில்லை, ஏனென்றால் 1962-ல் போட்டது அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

சீனப் போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டதே, 1965 வரை எப்படி நீடித்தது?

1965 வரை இல்லை, 1968 ஜனவரி 10 வரை நீடித்தது. சீனா தாக்கியது 1962 அக்டோபர் 20. தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது நவம்பர் 21. ஆக, ஒரு மாதப் போருக்கு ஐந்து வருடத்துக்கும் மேலான நெருக்கடி நிலை! நேரு, லால் பகதூர் சாஸ்திரி, இந்திரா காந்தி என்று மூன்று பிரதமர்கள் மாறினார்கள், பிரகடனம் மாறவில்லை.

அன்றைய சட்டத்தில் இருந்த ஓட்டைதான் காரணம். பிரகடனத்துக்கு நாடாளுமன்றம் ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் போதும். அப்புறம் அரசு தானாக விலக்கும்வரை அது உயிரோடு இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'இன்னும் தேவையா?' என்று கேட்க யாருக்கும் கடமை இல்லை. கடன் கொடுத்தவர் கேட்காவிட்டால் வாங்கியவர் திருப்பிக் கொடுப்பாரா?

1971-லும் இதே கதைதான். போர் 13 நாளில், டிசம்பர் 16-ல் முடிந்தது. பிரகடனம் 1977 மார்ச் வரை போகவில்லை. 1975-ல் மூன்றாவது பிரகடனம் வந்தபோது 1971-ல் போட்டதும் கூடவே உட்கார்ந்திருந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

போர்க்காலத்தில் உரிமைகளைச் சுருக்கலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்துகிறோமே, அதைவிடப் பெரிய கேள்வி இதுதான் என்பது என் கட்சி: சுருக்கியதை எப்போது திருப்பித் தருவார்கள், தராவிட்டால் யார் கேட்பது?

பிரகடனம் வந்தால் எந்தெந்த உரிமை போகும்?

இரண்டு பிரிவுகள் வேலை செய்கின்றன. 358-ஆம் பிரிவு 19-ஆம் பிரிவைத் தூங்க வைக்கிறது. பேச்சு, கூட்டம், சங்கம், நாட்டுக்குள் நடமாடுவது, விரும்பிய தொழில் செய்வது எல்லாம் அதில் அடக்கம். 359-ஆம் பிரிவு வேறு மாதிரி. உரிமை காகிதத்தில் இருக்கும், ஆனால் அதற்காக நீதிமன்றப் படியேற முடியாது. 1962 நவம்பரில் வந்த குடியரசுத் தலைவர் உத்தரவுகள் 14, 21, 22 ஆகிய பிரிவுகளுக்கு அந்தக் கதவைச் சாத்தின. சட்டத்தின் முன் சமத்துவம், உயிரும் உடல் சுதந்திரமும், கைதானவருக்கான பாதுகாப்பு ஆகிய மூன்றும் அவைதாம்.

அப்போது பயன்பட்ட சட்டம் எது?

இந்தியப் பாதுகாப்புச் சட்டம். பிரகடனம் வந்த அன்றே அவசரச் சட்டமாக வந்து, டிசம்பரில் முழுச் சட்டமானது. இது சுதந்திர இந்தியாவின் கண்டுபிடிப்பு இல்லை. முதல் உலகப் போருக்காக 1915-லும் இரண்டாவதற்காக 1939-லும் ஆங்கிலேயர் இதே பெயரில் சட்டம் போட்டார்கள். 1915 சட்டத்தின் அதிகாரங்களைப் போர் முடிந்த பிறகும் விட மனமில்லாமல்தான் 1919-ல் ரௌலட் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம் எங்கே போய் முடிந்தது என்பது ஜாலியன்வாலா பாக் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாடத்தை நமக்கு நடத்திய தலைவர்களே 1962-ல் அதே சட்டத்தின் பெயரைக்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 30-ஆம் விதி முக்கியமானது. விசாரணை வேண்டாம், குற்றப்பத்திரிகை வேண்டாம். நாட்டின் பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அத்தியாவசியப் பொருள் விநியோகத்துக்கோ ஒருவர் இடைஞ்சல் செய்வார் என்று அரசு திருப்திப்பட்டால் உள்ளே வைக்கலாம்.

யாரைப் பிடித்தார்கள்? உளவாளிகளையா?

பெரும்பாலும் அரசியல்வாதிகளை. 1962-லேயே கம்யூனிஸ்டுகள் பலர் உள்ளே போனார்கள். 1964 கடைசியில், போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, சீனச் சார்பு என்ற பெயரில் இடதுசாரிகளை நாடு முழுக்க மறுபடி அள்ளினார்கள். அப்படிப் போனவர்களில் இருவர் நம் ஊர்க்காரர்கள்: திருச்சி எம்.பி. ஆனந்த நம்பியார், புதுக்கோட்டை எம்.பி. உமாநாத். கடலூர் மத்தியச் சிறையில் இருந்தபடி, 'மக்கள் தேர்ந்தெடுத்த எங்களை நாடாளுமன்றக் கூட்டத்துக்காவது போக விடுங்கள்' என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடுப்புக் காவலில் இருப்பவருக்கு எம்.பி. என்பதால் தனிச் சலுகை கிடையாது என்று 1965-ல் தீர்ப்பு வந்தது.

1965 மார்ச் கேரளத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி 133-ல் 40 இடம் பிடித்துத் தனிப்பெரும் கட்சியானது. வென்றவர்களில் பலர் சிறையில் இருந்தார்கள். ஆட்சி அமைக்க யாராலும் முடியாமல், சட்டமன்றம் ஒருநாள்கூடக் கூடாமலே கலைந்தது.

அதே வருடம் பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மு. கருணாநிதியைப் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் தனியாக அடைத்தது எந்தச் சட்டத்தில் என்று நினைக்கிறீர்கள்? இதே இந்தியப் பாதுகாப்பு விதிகளில்தான். இமயமலையில் சீனப் படையை நிறுத்தப் போட்ட விதிக்கும் தாமிரபரணிக் கரையில் நடந்த மொழிப் போராட்டத்துக்கும் என்ன உறவு? சந்தடி சாக்கில் என்பார்களே, அதுதான்.

தங்கக் கட்டுப்பாடும் போர்ச் சட்டத்தில்தான் வந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, இந்தியப் பாதுகாப்பு விதிகளில் ஒரு பகுதியைச் சேர்த்துத் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. காரணம் ஓரளவு நியாயமானது: அந்நியச் செலாவணி வற்றிக் கிடந்தது, தங்கக் கடத்தல் அதைக் குடித்துக்கொண்டிருந்தது, போருக்கு ஆயுதம் வாங்கப் பணம் வேண்டும்.

ஆனால் ஆசாரி வீட்டுப் பட்டறையிலிருந்து பார்த்தால் படம் வேறு. 22 காரட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைப் பங்குக்கு மேல் தங்கம். 14 காரட்டில் அது ஐம்பத்தெட்டுதான், மீதி செம்பும் வெள்ளியும். கெட்டியாக இருக்கும், நுண்வேலைக்கு வளையாது, நிறமும் மட்டம். தாலிக்குத் தங்கம் எடுக்க வந்த குடும்பம் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகும். ஊதுகுழலும் குறடும் தவிர வேறு தெரியாத லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் பிழைப்பு போய் நின்றார்கள், தற்கொலைகளும் நடந்தன. 14 காரட் விதியை 1966-ல்தான் விலக்கினார்கள். கட்டுப்பாட்டின் மற்ற பகுதிகள் 1968-ல் தனிச் சட்டமாகி 1990 வரை இருந்தன.

போர்க்காலச் சட்டம் என்றால் மேடைப் பேச்சாளருக்கும் பத்திரிகையாளருக்கும்தான் பாதிப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சீன வம்சாவளியினரைச் சிறை வைத்தது என்பது என்ன சம்பவம்?

நம் பாடப் புத்தகங்களில் இல்லாத பக்கம் இது. அஸ்ஸாமின் மாக்கும், மேகாலயத்தின் ஷில்லாங், வங்கத்தின் டார்ஜிலிங் போன்ற இடங்களில் தலைமுறைகளாக இருந்த சீன வம்சாவளிக் குடும்பங்கள் 1962 நவம்பரில் வீட்டு வாசலில் போலீசைப் பார்த்தன. தேயிலைத் தோட்டத்தில் தச்சு வேலை, செருப்புக் கடை, உணவுக் கடை என்று பிழைத்தவர்கள். அஸ்ஸாமியப் பெண்களைக் கட்டியவர்கள், சீன மொழியே தெரியாத பிள்ளைகள் எல்லாரும் அதில் அடக்கம். கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நாட்கணக்கில் ரயில் பயணம். இறங்கிய இடம் ராஜஸ்தானின் தேவ்லி முகாம், இரண்டாம் உலகப் போரில் போர்க் கைதிகளை வைத்திருந்த இடம்.

ஏறக்குறைய 3,000 பேர். யார் மீதும் தனித்தனியாகக் குற்றச்சாட்டு இல்லை, விசாரணையும் இல்லை. ரத்தம்தான் குற்றம். 1963-ல் சீனா கப்பல் அனுப்பியபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறிப் போனார்கள். கப்பல் வந்து நின்றது நம் சென்னைத் துறைமுகத்தில்தான். சீனாவையே பார்த்திராதவர்கள் 'தாய்நாடு திரும்பிய' கதை அது. போகாதவர்களில் சிலர் தேவ்லியில் வருடக்கணக்கில் கிடந்துவிட்டு ஊர் திரும்பினால் வீடும் கடையும் எதிரிச் சொத்தாக ஏலம் போயிருந்தன.

அமெரிக்காவும் 1942-ல் இதையே செய்தது. 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது, அதன் உச்ச நீதிமன்றமும் 1944-ல் அதற்குத் தலையாட்டியது. ஆனால் 1988-ல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தார்கள். தேவ்லிக்கு அப்படி ஒரு வரி நம்மிடமிருந்து போகவில்லை.

நீதிமன்றங்கள் சும்மாவா இருந்தன?

இல்லை. கதவு சாத்தியிருந்தாலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். 1963-ல் மக்கன் சிங் வழக்கில், அடிப்படை உரிமையைச் சொல்லிக் கேட்க முடியாது, ஆனால் உத்தரவு கெட்ட நோக்கத்தில் போடப்பட்டது என்றோ சட்டத்தையே மீறியது என்றோ சொல்லிக் கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அந்தச் சின்ன இடுக்கு வழியாக இரண்டு நல்ல தீர்ப்புகள் வந்தன.

முதலாவது சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவுடையது. 1965 ஆகஸ்டில் பாட்னாவில் பிடித்தார்கள். விதியில் இருப்பது 'பொது ஒழுங்கு'. மாஜிஸ்திரேட் உத்தரவில் எழுதியது 'சட்டம் ஒழுங்கு'. ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டும் ஒன்றல்ல என்றார் நீதிபதி ஹிதாயதுல்லா. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைக் கற்பனை செய்யச் சொன்னார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, நடுவில் சின்னதாக நாட்டின் பாதுகாப்பு. தெருவில் இரண்டு பேர் குடித்துவிட்டு அடித்துக்கொண்டால் பெரிய வட்டம் கலங்கும், அதற்குள் இருக்கும் பொது ஒழுங்கு வட்டம் அசையாது. லோகியா விடுதலை. தீர்ப்பு வந்த தேதி 1965 செப்டம்பர் 7. இந்தியப் படை லாகூர் நோக்கி எல்லை தாண்டியது செப்டம்பர் 6. போரின் உச்சியில், அரசை விடாமல் விமர்சித்த ஒருவரை ஒரு சொல்லுக்காக விடுவித்தார்கள். நாடு ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

இரண்டாவது வழக்கு திருவனந்தபுரத்து மண்ணெண்ணெய் மொத்த வியாபாரி ஒருவருடையது. பெயர் சதானந்தன். அத்தியாவசியப் பொருள் விநியோகத்துக்கு இடைஞ்சல் என்று 1965 அக்டோபரில் உள்ளே போட்டார்கள். அவர் சொன்னது வேறு: ஒரு போலீஸ் அதிகாரி தன் உறவினர்களுக்கு மண்ணெண்ணெய் வியாபாரத்தைப் பிடித்துக்கொடுக்கப் பொய் அறிக்கை கொடுத்தார் என்றார். அந்த அதிகாரி மறுத்து ஒரு பிரமாணப் பத்திரம்கூடத் தாக்கல் செய்யவில்லை. 1966 பிப்ரவரியில் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் உத்தரவை ரத்து செய்தார். கேட்பாரில்லாத அதிகாரத்தைத் தொடர்ந்து கையாண்டால் அதிகாரிகளின் மனசாட்சி மரத்துப்போகும் என்ற கவலையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, மண்ணெண்ணெய் டின்னுக்குள் இறங்கிவிட்டது பாருங்கள்.

அப்படியென்றால் 1976-ல் மட்டும் ஏன் தவறினார்கள்?

ஜபல்பூர் வழக்கைக் கேட்கிறீர்கள். 1976 ஏப்ரல் 28. மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் பிடிபட்டவர் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது, கெட்ட நோக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் அதை ஏற்க மாட்டேன் என்று நின்றார், அடுத்த வருடம் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. பதிமூன்று வருடத்துக்கு முன் மக்கன் சிங் வழக்கு திறந்து வைத்த ஜன்னலையும் இதில் அடைத்துவிட்டார்கள். அது ஏன் என்று சட்டப் புத்தகத்தில் விடை தேடி நான் களைத்துப் போனேன். பயம் என்பதைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை. 2017-ல் தனியுரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைக் குப்பையில் போட்டார்கள். அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-ல் பெரும்பான்மையோடு நின்றவர்களில் ஒருவர் அவருடைய அப்பா.

இப்போது அதெல்லாம் நடக்க முடியாது, இல்லையா?

அதே வடிவத்தில் கஷ்டம். 1978-ல் வந்த 44-ஆவது திருத்தம் பல ஓட்டைகளை அடைத்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவை எழுத்தில் முடிவெடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மக்களவை சாதாரணப் பெரும்பான்மையில் விலக்கலாம். 20 (குற்றம் சாட்டப்பட்டவருக்கான பாதுகாப்பு), 21 (உயிரும் உடல் சுதந்திரமும்) ஆகிய பிரிவுகளை எந்த நெருக்கடியிலும் தொட முடியாது. 19-ஆம் பிரிவு தூங்குவது போர் அல்லது வெளித் தாக்குதலில் மட்டும்.

ஆனால் அதே திருத்தத்தில் தடுப்புக் காவல் அதிகாரத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்துகிற ஒரு பகுதியும் இருந்தது. காவல் சரியா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுவிடம் போகாமல் ஒருவரை உள்ளே வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கும் பகுதி. அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை எந்த அரசும் வெளியிடவில்லை. ஜனதா, காங்கிரஸ், பாஜக என்று வித்தியாசமே இல்லை.

இன்னொன்று: இன்றைய அரசுக்குப் பிரகடனமே தேவைப்படாது. 1980-ன் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். யு.ஏ.பி.ஏ. என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் குதிரைக் கொம்பு. இவை அமைதிக் காலச் சட்டங்கள்.

2025 மேயில் சமூக வலைதளக் கணக்குகளை முடக்கினார்களே, அது எந்த அதிகாரத்தில்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் முடக்கச் சொல்லி உத்தரவு வந்ததாக எக்ஸ் நிறுவனமே அறிவித்தது. பெரும்பாலான கணக்குகளுக்கு எந்தப் பதிவு தவறு என்றே சொல்லவில்லை என்றும் அது சொன்னது. பொய்ச் செய்தி அப்போது மலைபோலக் குவிந்தது நிஜம். ஆனால் 69ஏ உத்தரவுகள் ரகசியமானவை. எதற்காக என்று தெரியாவிட்டால் எதை எதிர்த்து வழக்குப் போடுவது? லோகியாவுக்காவது கையில் ஒரு காகிதம் இருந்தது. இணையத்தையே துண்டிக்கும் உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விதியை இங்கேயும் நீட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்போ எந்தக் கட்டுப்பாடும் கூடாது என்கிறீர்களா?

சொல்லவில்லை. 2008 மும்பைத் தாக்குதலில் கமாண்டோக்கள் எந்த மாடியில் இறங்குகிறார்கள் என்பதை டிவிகள் நேரலையில் காட்டின. பாகிஸ்தானில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துப் போனில் வழி சொன்னார்கள். கசாப் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் டிவிகளைக் கடுமையாகச் சாடியது. இப்போது அப்படிப்பட்ட நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது என்று விதி இருக்கிறது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எது கூடாது என்பது தெளிவு, எப்போது முடியும் என்பதும் தெளிவு. இரவில் விளக்கணைக்கச் சொல்வதும் அப்படித்தான், விடிந்தால் தீர்ந்தது.

ராணுவ வண்டி போவதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

வேண்டாம். 1923-ன் அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தெரிந்தவர் ஒருவரைத் தடுப்புக் காவலில் எடுத்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

உத்தரவின் நகலையும் காரணங்கள் அடங்கிய ஆவணக் கட்டையும் கேட்டு வாங்குங்கள். காரணத்தைச் சொல்வதும் எதிர்த்து முறையிட வாய்ப்புத் தருவதும் 22-ஆம் பிரிவின்படி அரசின் கடமை. அதுவும் பிடிபட்டவருக்குத் தெரிந்த மொழியில். பிறகு வழக்கறிஞரிடம் போய் ஆட்கொணர்வு மனு. தமிழ்நாட்டில் குண்டர் சட்ட வழக்குகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றம் ரத்து செய்கிற உத்தரவுகளில் பல, பெரிய வாதங்களால் விழுவதில்லை. ஆவணக் கட்டில் உள்ள ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ் படிக்க முடியாமல் கறுப்பாக இருந்திருக்கும், அல்லது ஆங்கில ஆவணம் ஒன்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இணைக்காமல் விட்டிருப்பார்கள். அதனால் பக்கங்களை எண்ணிப் பாருங்கள்.